கம்பி இல்லாத குருவி

மலை உச்சி
பிப்ரவரி 3

என் ஏக மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில் ஒரு வரியைக்கூட நீ நம்பமாட்டாய். நீ மட்டுமல்ல, யாருமே நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட கதையைத்தான் உனக்குச் சொல்வேன் என்று கிழக்கே பார்த்து நின்று, வலது கையை உயர்த்தி, இடது கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்.

நான் நலம். நீ நலமா? அக்கா இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாளா, இல்லை மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறாளா?

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏழு மணி நேரம் நடந்தேன். நாலாவது மணி நேரத்திலேயே என் நிழல் உட்கார்ந்துவிட்டது. மீதி தூரம் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஒரே ஒரு அறை கொண்ட கல் வீடு. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு நான். கரண்ட் கம்பம் பார்க்க வேண்டுமென்றால் அடிவாரத்துக் கடைக்குத்தான் இறங்க வேண்டும். நாற்பது வருஷம் ஊரார் சுவர்களுக்குள் கம்பி இழுத்தவன், கம்பியே இல்லாத சுவருக்குள் குடி வந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததும் கை தானாகக் கதவோரம் தடவி ஸ்விட்சைத் தேடியது. சுவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஃபேன், ஃப்ரிட்ஜ், கீசர், போன் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. மனிதனுக்கு இதெல்லாம் எதற்கு? இங்கே காற்று செவ்வாய்க்கிழமை என் தொப்பியை எடுத்துக்கொண்டு போய், வியாழக்கிழமை துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு முன்னால் இருந்தவன் போட்டுவிட்டுப் போன உருளைக்கிழங்கு ஒன்றை மூன்று நாளாகத் தோண்டுகிறேன், அதன் மறுமுனை இன்னும் தெரியவில்லை. தினம் காலையில் ஒரு கரடி வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே வந்து அடுப்பைப் பார்வையிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. மேற்பார்வையாளர் போலிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இங்கே ஒரு குருவி, அச்சு அசல் ஏதோ மின்சாதனம் மாதிரியே கத்துகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் ஆரம்பித்துவிடும். பிளக்கே இல்லாத வீட்டில் நான் துள்ளி எழுந்து பிளக்கைத் தேடுகிறேன். சிரிப்பாக இல்லை?

கடிதங்களை அடிவாரத்துக் கடை விலாசத்துக்குப் போடு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இறங்குவேன். உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்.

இப்படிக்கு,
மின்கம்பம் எட்டாத மாபெரும் தேசத்தின் மன்னரும், மந்திரியும், ஒரே குடிமகனுமாகிய
உன் மாமா

*

வீடு
பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னாள். உங்கள் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "கரடி வந்து கதவத் தட்டுதாம்ல! கரடிக்குக்கூடத் தட்டிட்டு வரணும்னு தெரியுது. இவனுக்குச் சொல்லிட்டுப் போகணும்னு தெரியல" என்றாள். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

புகார் பிரிவில் வேலை அப்படியேதான். காதில் போனை மாட்டினால் எட்டு மணி நேரம் "கரண்ட் எப்ப வரும்?" நேற்று ஒருவர் கூப்பிட்டு, "கரண்ட் வந்துடுச்சும்மா, சொல்லலாம்னுதான்" என்றார். என் எட்டு வருஷ வேலையில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் முழித்தேன்.

உங்கள் வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜைக் காலி செய்தேன். அத்தையின் அலமாரியைத் தொடவில்லை. அத்தையின் ஆக்ஸிஜன் மெஷினை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடச் சொல்லிச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அத்தை போய் முப்பத்தெட்டாவது நாள் கிளம்பிவிட்டீர்கள். நாலு பக்கக் கடிதத்தில் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேள்வியாகக் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

அந்தக் குருவி எத்தனை தடவை கத்தும்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் அதிகம் என்றால் கம்பளி அனுப்புகிறேன்.

உங்கள் மருமகள்

*

மலை உச்சி
மார்ச் 9

என் ஏக மருமகளுக்கு,

நான் சௌக்கியம். கரடியும் சௌக்கியம். நீங்கள் இருவரும் அப்படியே என்று நம்புகிறேன். கம்பளி வேண்டாம். இங்கே குளிர் ஒன்றும் பிரமாதமில்லை. நேற்று நான் ஆட்டுக்காரியிடம் பேசிய பேச்சு வழியிலேயே உறைந்து, இன்று காலை வெயில் வந்த பிறகுதான் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

ஆட்டுக்காரி யார் என்று கேட்பாய். ஓடைக்கு அந்தப் பக்கம் எழுபது ஆடுகளோடு இருக்கிறாள். என் தேசத்தின் அண்டை நாடு. உரையாடலை அப்படியே தருகிறேன்:

"எதுக்குங்க இங்க வந்தீங்க?"

"நவீன வாழ்க்கை சலிச்சுப் போச்சு."

"அப்படின்னா?"

"லைட்டு, ஃபேன், ஃப்ரிட்ஜு. இதெல்லாம்."

"ஒரே ஒரு லைட்டு குடுங்கன்னு முப்பது வருஷமா எழுதிப் போட்டுட்டு இருக்கேன். உங்களுக்குச் சலிச்சுப் போச்சா? கீழ ஏதாவது கேஸு கீஸு இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி. பொண்டாட்டி?"

நான் அவள் ஆடுகளை எண்ண ஆரம்பித்தேன். எழுபதுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

குருவிதானே? மூன்று தடவை கத்தும். நிறுத்தும். மறுபடி மூன்று. நிறுத்துகிற நேரம் சரியாக ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். பறவை ஆராய்ச்சியில் இறங்கிவிட்டாயா? கவனிக்க நேரம் எனக்குத்தான் இருக்கிறது. ஒரு தேசத்தை ஆள்கிறேன், வேறு வேலை?

அலமாரி அப்படியே இருக்கட்டும்.

உடல்நலத்தைக் கவனி. அக்காவை லிஃப்டில் போகச் சொல். மூன்று மாடியும் படியேறித்தான் தன் பெருமையைக் காட்ட வேண்டுமென்பதில்லை.

இப்படிக்கு,
எழுபது ஆடுகளின் அண்டை நாட்டு மன்னர்,
மாமா

*

வீடு
ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு இரண்டு வாரமாக இருமல். லிஃப்ட் ரிப்பேர். நேற்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். பையில் இருந்த தக்காளிகளை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா இங்க?" என்றேன். "காத்து வருது, அதான்" என்றாள். அங்கே ஜன்னலே கிடையாது.

படம் எடுத்திருக்கிறோம். ரத்தம் கொடுத்திருக்கிறோம். டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

குருவி பற்றி எழுதியதைப் படித்தேன்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் மருமகள்

*

மலை உச்சி
ஏப்ரல் 18

மருமகளே,

நலம். நலம்தானே?

அக்காவுக்கு மூச்சா? நல்ல கதை. அவள் நுரையீரல் என்ன சாமானியமா? சின்ன வயதில் எங்கள் தெருவில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து ஊரில் இருக்கும் என் பெயர்க்காரர்களெல்லாம் "இதோ வந்துட்டேன்" என்று செருப்பை மாட்டுவார்கள். ஒரு தடவை அவள் பலூன் ஊதியதில் பலூன்காரனே கொஞ்ச தூரம் மேலே போய்விட்டு வந்தான். அந்த நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. படி ஏறினால் யாருக்குமே மூச்சு வாங்கும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. உடனே. நாளை மறுநாளே நான் கடைக்கு இறங்கிப் பார்ப்பேன். அதற்கடுத்த நாளும் பார்ப்பேன்.

கரடி விசாரித்ததாகச் சொல்.

மாமா

*

வீடு
மே 25

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒரு மாதம் போய்விட்டது.

அத்தைக்கு வந்ததேதான். டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். நான் நேராகக் கேட்டேன். ஒரு வருஷம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார். இரண்டு மாதத்தில் தினம் பதினாறு மணி நேரம் ஆக்ஸிஜன் மெஷின் ஓட வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே என்றால் கரண்ட் வேண்டும். மழைக்காலம் தொடங்கினால் எங்கள் பக்கம் நாளுக்கு மூன்று தடவை போகும். எந்த லைன் எப்போது போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பகல் முழுக்க நான் ஆபீஸில். அம்மா தனியாக.

வந்து இன்வெர்ட்டர் கட்டிக்கொடுங்கள் மாமா. பத்து நாள் இருந்தால் போதும். பிறகு உங்கள் தேசத்துக்கே திரும்பிப் போய்விடலாம், நான் தடுக்கமாட்டேன். வேறு ஆள் வேண்டாம். நீங்கள் கட்டினால்தான் நான் ஆபீஸில் உட்கார முடியும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

மலை உச்சி
ஜூன் 14

மருமகளே,

நலம் விசாரிப்பு வழக்கம்போல.

வர இயலாத நிலை. ராஜாங்க வேலைகள் தலைக்கு மேல் இருக்கின்றன. கரடிக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் ஆள் வேண்டும். ஓடை தன் பாதையை மாற்றிக்கொள்ளலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறது. உருளைக்கிழங்கின் மறுமுனை எந்த நிமிஷமும் தெரியலாம். இந்த நேரத்தில் தேசத்தை விட்டுவிட்டு எப்படி வருவது?

தெருமுனை மோட்டார் ரிப்பேர்க் கடைக்காரனிடம் சொல். என்னைவிடக் கெட்டிக்காரன். கை சுத்தம். என் கை இப்போது மண்வெட்டிக்குப் பழகிவிட்டது, ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் அதை வைத்தும் தோண்டப் பார்க்கிறது.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்.

மாமா

*

வீடு
ஜூன் 30

மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாதாம்.

டேய்,

நல்லா இருக்கியா? நான் நல்லா இல்ல. வேற மாதிரி எழுதறதுக்கு எனக்கு உன்னை மாதிரி வாய் கிடையாது.

கரடிக்கு உடம்பு சரியில்லையாம். கூட்டிட்டு வாடா. எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில காட்டிக்கலாம். அதையாவது கட்டிலுக்குப் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன், "ம்"முன்னாவது சொல்லும்.

உனக்கு அஞ்சு வயசுல சுவத்துப் பிளக்குல ஆணிய விட்டு வெறைச்சு நின்னியே, ஞாபகம் இருக்கா? வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல. எனக்கு ஒம்பது வயசு. மெயின் எதுன்னு தெரியாது. ஸ்டூல் போட்டு ஏறி, கைக்கு எட்டினதெல்லாத்தையும் அணைச்சேன். அப்புறம் நீ கீழ விழுந்து, கண்ண முழிச்சுப் பாத்து, முதல் வார்த்தையா என்ன சொன்ன? "அக்கா, நான் நிலாவுக்குப் போயிட்டு வந்தேன்"ன. அன்னைக்கே ஒரு அறை விட்டிருக்கணும். சிரிச்சுட்டேன். அதான் என் தப்பு.

எனக்குப் பயமா இருக்குடா. சாகறதுக்கு இல்ல. மத்தியானம் கரண்ட் போகும். இவ ஆபீஸ்ல உக்காந்து ஊருக்கெல்லாம் "வந்துரும் சார், வந்துரும் சார்"னு சொல்லிட்டு இருப்பா. நான் சுவத்தப் பாத்துட்டு இருப்பேன். மெயின் எதுன்னு எனக்கு இன்னும் தெரியாது.

உன் பொண்டாட்டி போனப்ப நீ அழவே இல்ல. அன்னைக்கும் ஏதோ கதை சொல்லி வந்தவங்கள சிரிக்க வெச்ச. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு.

இதுக்கு மேல மூச்சு இல்ல. மிச்சத்த நேர்ல திட்டறேன்.

உன் அக்கா

*

வீடு
ஜூலை 28

மாமா,

நலமா?

பதில் இல்லை. மோட்டார் கடைக்காரரைக் கேட்டேன். "அண்ணன் குடும்பத்து மெஷின்ல நான் கை வெக்க மாட்டேன்மா" என்றார். ஏன் என்றேன். நட்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தார்.

நேற்று முதல் அம்மாவுக்கு மெஷின் ஓடுகிறது. புதிது இல்லை. அத்தையுடையதுதான். நான் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவில்லை.

மருமகள்

*

மலை
செப்டம்பர் 1

மருமகளுக்கு,

அக்கா எப்படி இருக்கிறாள்?

அவள் கடிதத்தையும் உன்னுடையதையும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மழையில் நனைந்து மை பரவிவிட்டது. மனப்பாடம் என்பதால் பரவாயில்லை. கரடியைப் பற்றி எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் அத்தைக்கு அந்த மெஷின் சத்தம் ஆகாது. கரண்ட் கண் சிமிட்டினால் போதும், தெருமுனைவரை கேட்கிற மாதிரி அது கத்தும். இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டதும் நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வாள், சரியாக அப்போது கத்தும். "உங்க குருவிய கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினின் முதுகைத் திறந்து, பஸ்ஸருக்குப் போகும் சிவப்புக் கம்பியை வெட்டி, டேப் சுற்றி மூடினேன். மூன்று நிமிஷ வேலை. அன்று மத்தியானம் அவள் இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்து உட்கார்ந்து, "குருவிய எங்க அனுப்பிச்சீங்க?" என்றாள்.

"மலைக்கு" என்றேன்.

பத்து நாள் கழித்து அந்தப் புதன்கிழமை. நான் தெருமுனை மோட்டார் கடையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் விளக்கு அணைந்தது. "வீட்டுக்குப் போகலையாண்ணே?" என்று அவன் கேட்டான். "நான் கட்டின இன்வெர்ட்டர்டா. உலகமே இருட்டானாலும் என் வீட்டுல ஆறு மணி நேரம் ஓடும்" என்றேன். அதுவும் புளுகுதான். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி நாலு மாதமாகியிருந்தது. ஊரார் வீட்டு பாட்டரிக்கெல்லாம் தேதி எழுதி ஒட்டுகிறவன் நான். ஐம்பது நிமிஷம் தாங்கியிருந்தால் அதிகம். நான் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்ல கதை. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொன்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு சத்தமும் இல்லை, அவள் மூச்சுகூட. நான் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைதி அது.

குருவியைச் சும்மா இருக்கச் சொல்லென்று அவள் கேட்டாள் என எழுதியிருக்கிறேன். பழியில் பாதியை அவள் பக்கம் தள்ளுகிற மாதிரித் தெரிந்தால், அந்த வரியை அடித்துவிட்டுப் படி.

டாக்டரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. முற்றிய நோய் என்றார்கள். நானும் தலையாட்டினேன். இந்தக் கை அக்காவின் மெஷினைத் தொடக் கூடாது. அதனால்தான் வரவில்லை. நீ இனி கடிதம் போடாவிட்டாலும் எனக்குப் புரியும்.

மாமா

*

வீடு
செப்டம்பர் 12

மாமாவுக்கு,

அம்மா உட்கார்ந்தபடி தூங்குகிறாள். படுத்தால் முடியவில்லை. நான் நலம்.

சிவப்புக் கம்பி எனக்குத் தெரியும். உங்கள் முதல் கடிதம் வந்த வாரம், மெஷினைக் கொடுப்பதற்கு முன்னால் சரிபார்த்துவிடலாம் என்று ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "வேலை தெரியாதவன் வெட்டினது இல்லைங்க இது. டேப் சுத்தியிருக்கற அழகப் பாருங்க" என்றார். சேர்த்துவிடச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். மூன்று தடவை. ஒரு மூச்சு. மறுபடி மூன்று. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன், குருவி எத்தனை தடவை கத்தும் என்று கேட்டு.

ஏழு மாதமாகத் தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் வேலையில் இருந்தேன். உங்கள் பகுதியில் இரண்டு பத்துக்குப் போனது. நாலு ஐந்துக்கு வந்தது. எண்பத்தேழு போன். பதிவேட்டில் எல்லாம் என் கையெழுத்து. உங்கள் தெருவை மட்டும் ஆறு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அத்தை ஞாபகம் வந்தது. மாமா கட்டிய இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த போனை எடுத்தேன். போன் என் காதிலேயேதான் மாட்டியிருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

உடனே கவனித்திருந்தால் அத்தை இருந்திருப்பார்களா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அதனால் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப்போவதில்லை. மன்னிப்பதற்கு நான் யார்? மன்னித்துவிட்டதாகவும் எழுத வரவில்லை. உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். அம்மாவும் இப்போது அதையேதான் சொல்கிறாள். "அந்தச் சனியன நிறுத்தித் தொலைடி, கண்ண மூட முடியல" என்கிறாள். நேற்று நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வெட்டிவிடுவார்கள். எந்த ஆளை வைத்தாலும் ஒரு நாள் வெட்டிவிடுவான். வெட்டவே மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் மலை மேல் உட்கார்ந்து கரடிக்கு வைத்தியம் பார்க்கிறார்.

கடைசியாக ஒன்று. அந்தக் குருவி இல்லை, மாமா. அப்படி ஒரு குருவி கிடையாது. நீங்கள் கீழே இறங்கினால் அது நின்றுவிடும். வாருங்கள்.

மருமகள்

*

மலை
செப்டம்பர் 25

மருமகளுக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த இரண்டு மூன்று நாளில் நான் வந்துவிடுவேன். ஓடையில் வெள்ளம் வடிவதற்காகக் காத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கல்லில் கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் எறிகிறேன், ஆட்டுக்காரி தன் வழியில் கீழே கொண்டுபோவாள்.

நான் வருவதற்குள் வாங்கி வைக்க வேண்டியது: பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர். சிவப்பு, கறுப்பு வயர் ஒவ்வொரு சுருள். பஸ்ஸர் இரண்டு, கடையில் இருப்பதிலேயே காது கிழிகிற ரகமாகப் பார்த்து. ஒன்று அக்கா தலைமாட்டில். இன்னொன்று நான் படுக்கிற இடத்தில், என் காதுக்குப் பக்கத்தில். அக்கா திட்டுவாள். திட்டட்டும், அதற்கும் மூச்சு வேண்டுமே. பஸ்ஸர் கத்துகிற நேரத்தில் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தால் பாதியிலேயே எழுந்துவிடுவேன். பத்து நாள் என்று எழுதியிருந்தாய். அதை அடித்துவிடு. அவள் இருக்கும்வரை நானும் அங்கே இருப்பேன்.

யாரும் நம்பாத கதை சொல்வதாகப் பிப்ரவரியில் சத்தியம் செய்தேன். இப்போது கணக்கைச் சரிபார்த்துவிடுகிறேன். கரடி பொய். இந்த மலையில் நான் பார்த்த பெரிய மிருகம் ஆடு. உருளைக்கிழங்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. தொப்பி பஸ்ஸிலேயே போய்விட்டது. நவீன வாழ்க்கை சலித்துப்போனது பொய். ஒரு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடிக்க எட்டு மாதமாக ஏங்குகிறேன். 'நலம்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியது எல்லாவற்றிலும் பெரிய பொய்.

உன் கடைசி வரியை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொன்னது சரியாக இருக்கும் என்றுதான் எனக்கும் பயம். எட்டு மாதமாக யாரிடமும் கேட்காமல் இருந்ததே அதனால்தான். இன்று மத்தியானம் அது கத்தும் நேரத்துக்கு ஓடையின் இந்தக் கரையில் போய் நின்றேன். அந்தக் கரையில் ஆட்டுக்காரி. அது ஆரம்பித்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினேன்:

"உனக்கு இந்தச் சத்தம் கேக்குதா?"

"எந்தச் சத்தம்?"

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஓ, அந்தக் குருவியா?" என்றாள். "அது எங்கம்மா காலத்துலேருந்து அப்படித்தான். மூணு கத்து, நிறுத்து, மூணு கத்து. இதக் கேக்கவா எட்டு மாசம்?"

கையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டினாள். சாம்பல் நிறம். என் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது.

ஆகவே, மருமகளே, இவ்வளவு புளுகுக்கு நடுவில் சின்னதாக ஒன்று மட்டும் நிஜமாகப் போய்விட்டது. குருவி இருக்கிறது. நான் கீழே இறங்கிய பிறகும் அது கத்திக்கொண்டுதான் இருக்கும்.

மாமா